சுருங்கிப்போன கடைசி அத்தியாயம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. நீளமான கட்டுரை ஒன்றின் கோப்பை ‘ஜிப்’ ஆகச் சுருக்கி அனுப்புவதற்காக உட்கார்ந்தேன். “கடவுச்சொல் வேண்டுமா?” என்று கணினி கேட்டது. என் கட்டுரையைத் திருடிப் படிக்க யார் வரப்போகிறார்கள்? கையில் கொடுத்தாலே படிக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுதியதை ஒருவர் யாரிடமிருந்து பூட்டி வைப்பார்? கட்டுரை இன்னும் அப்படியே கிடக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மாலையில் அந்தப் பல் மருத்துவர் —

(மழையை எடுத்துவிட்டேன். பல் பிடுங்கும் இடத்தில் மழைக்கு என்ன வேலை?)

அப்புறம்:

தம்பி அனுப்பிய கோப்பு திறக்க மறுத்தது. அவள் —

(தம்பியும் சரிப்படவில்லை. தம்பி என்றால் கடவுச்சொல்லை அவனே மறந்து தொலைத்திருப்பான், கதை அங்கேயே படுத்துவிடும். ஆகவே தங்கை.)

2

பெரியவள் பல் மருத்துவர். சின்னவள் அட்டைப்பெட்டிகளை வடிவமைப்பவள். கண்ணாடிக் குவளை உடையாமல் ஊர் போய்ச் சேர எங்கே மடிப்பு விழ வேண்டும் என்று யோசிப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர்.

இருவரும் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினார்கள். கப்பலில் ஒரு கேப்டன் செத்துப்போகிறார். யார் கொன்றது? கடைசி அத்தியாயம் வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பெரியவள் வாயால் சொல்லுவாள், சுண்டு தட்டச்சு செய்வாள், இருவரும் சிரிப்பார்கள்.

“சமையல்காரன்தான் கொன்னான்,” என்றாள் பெரியவள்.

“அவன்தான்னு முதல் பக்கத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கேப்டனோட பொண்டாட்டி கொன்னா.”

“அவ பாவம்டி. அவளை எனக்குப் பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருந்தா கல்யாணத்துக்குக் கூப்பிடு. கதைல அவதான் கொலைகாரி.”

பேச்சு தடித்தது. “உனக்குப் பல்லு புடுங்கத்தான் வரும், கதை வராது,” என்றாள் சுண்டு. “நீ பெட்டி மடிக்கத்தான் லாயக்கு,” என்றாள் பெரியவள். இரண்டுமே பட வேண்டிய இடத்தில் பட்டன.

மறுநாள் பெரியவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நாவல் இருந்த கோப்புறை மொத்தத்தையும் சுண்டு ஒரே கோப்பாகச் சுருக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: ‘பாஸ்வேர்ட் வேணும்னா போன் பண்ணு. மன்னிப்போட.’

3

(இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, “சொந்தத் தங்கச்சி இவ்வளவு வீம்பு பிடிப்பாளா?” என்று கேட்டாள். அவளுக்கும் அவள் தங்கைக்கும் ஒரு தலையணை உறை விஷயமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.)

பெரியவள் போன் பண்ணவில்லை. தங்கையின் பூனை பெயரை அடித்துப் பார்த்தாள். பிறந்த தேதி, பழைய பள்ளிக்கூடம், சிறு வயதில் அவள் காதலிப்பதாகச் சொல்லித் திரிந்த நீச்சல் வீரன் பெயர், எல்லாவற்றையும் அடித்தாள். எதுவும் எடுபடவில்லை.

பதிப்பாளர் கூப்பிட்டார். “டாக்டர், இந்த வாரம் வந்தா அச்சுக்குப் போகும். இல்லேன்னா அந்த இடத்துல தோட்டக்கலைப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுடுவேன்.”

“வந்துடும் சார்,” என்றாள். ஆசைப்பட்டு எழுதிய முதல் புத்தகம். தக்காளிச் செடியிடம் தோற்பதா?

இந்த இடத்தில் ஒரு முடிவு வைத்திருந்தேன்: அவள் சட்டென்று சரியான கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கிறாள், அது அக்காவின் பெயர்தான், கண்ணில் நீர் —

(வேண்டாம். இவ்வளவு கோபத்தில் இருக்கிறவள் அக்கா பெயரை வைப்பாளா? வைத்தாலும் முன்னால் ஒரு வசவு சேர்த்திருப்பாள்.)

4

மதியம் நோயாளிகள் இல்லாத நேரம். பெரியவள் வெறுப்போடு அந்தக் கோப்பை மறுபடி சொடுக்கினாள். உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை நாளும் தெரிந்தவைதான்; அவள்தான் பார்க்கவில்லை.*

* இந்த வகைப் பூட்டில் எழுத்துதான் மறையும். பெயர்களும் அளவுகளும் மறையாது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது மாதிரி.

கடைசியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ‘முடிவு, அக்கா சொன்னபடி.’ ‘முடிவு, என்னுது.’

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமையல்காரன் முடிவை எழுத மாட்டேன் என்று குதித்தவள், அதை முழு அத்தியாயமாக எழுதி முடித்திருக்கிறாள்!

பெயர்களுக்குப் பக்கத்தில் எண்கள். சுருக்கும் முன் எவ்வளவு, சுருக்கிய பின் எவ்வளவு. எல்லா அத்தியாயங்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தன. ‘என்னுது’ மட்டும், பெரிய அத்தியாயமாக இருந்தும், ஒன்றுமில்லாத அளவுக்கு வற்றிப்போயிருந்தது.

நாள் முழுக்க எக்ஸ்ரே பார்க்கிற கண். ஈறைக் கிழிக்காமலே வேரைப் பார்த்துப் பழகியவள். ‘இந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படி?’ ஒரு புதுப் பக்கத்தில் ‘வாயை நல்லாத் திறங்க’ என்று அடித்து, அதையே நகலெடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டிச் சுருக்கிப் பார்த்தாள். அதுவும் அதே மாதிரி வற்றியது. திரும்பத் திரும்ப வருவதைத்தானே ஒருமுறை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட முடியும்!

பெரியவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னவோ போல் ஆனது. தன்னந்தனியாக உட்கார்ந்து, ஒரே வரியை அடித்துக்கொண்டிருந்த தங்கை கண்ணுக்குள் வந்து நின்றாள். போனை எடுத்தாள்.

“பாஸ்வேர்ட் வேணுமா?” என்றது மறுமுனை, விறைப்பாக.

“வேண்டாம். உன் முடிவு ஒரே வரிலயே நிக்குது, இல்ல?”

“திறந்துட்டியா?”

“திறக்கல. எக்ஸ்ரே பார்த்தேன்.”

“பல்லு டாக்டர் புத்தி,” என்றாள் சுண்டு. குரல் இளகியிருந்தது.

“பெட்டி மடிக்கத்தான் லாயக்குன்னு சொன்னேன்ல, அது தப்புடி. சொன்னதுலேர்ந்து நல்லாவே இல்ல எனக்கு.”

“நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு சாரி. கிளினிக்லயே இரு, வரேன்.”

5

வந்தாள். நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கணினியை மடியில் வைத்துக் கடவுச்சொல்லை அடித்தாள். பெரியவள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதை சொல்கிறவனும் திரும்பித்தானே ஆக வேண்டும்? அதனால் அது என்னவென்று கேட்காதீர்கள்.

‘என்னுது’ திறந்தது. ‘அவள் கத்தியை எடுத்தாள். இல்லை, எடுக்கவில்லை.’ முதல் வரி முதல் கடைசி வரி வரை அதுவேதான்.

“எனக்கும் அவளைப் பிடிச்சுப்போச்சுக்கா,” என்றாள் சுண்டு. “கத்தியைக் குடுக்கவே கை வரல.”

“சமையல்காரனை எழுதியிருக்கியே?”

“எழுதினேன். நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா படிச்சா அவனும் பாவமா இருக்கான்.”

பெரியவள் அதைப் படித்தாள். பாவமாகத்தான் இருந்தான். கைதாகிப் போகும்போதுகூட அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறான்.

“அப்போ யாருதான்டி கொன்னது?”

“யாருமே கொல்லலன்னா?”

“பொணம் இருக்கே!”

“எங்க இருக்கு? கடல்ல போட்டுட்டோமே.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுண்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

(நான் எழுதி வைத்திருந்த முடிவில் சமையல்காரனுக்கே தண்டனை. இவர்கள் இப்போது அதை மதிக்கிற மாதிரி தெரியவில்லை. பதிப்பாளர் வேறு வெளியே காத்திருக்கிறார், ஏதோ பல்வலி என்று சொல்லிக்கொண்டு.)

“அக்கா, கேப்டனுக்கு நீச்சல் தெரியுமா?”

பெரியவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. சுண்டுவின் விரல்கள் விசைப்பலகை மேல் தயாராக நிற்கின்றன. இதைப் படிக்கிற நீங்கள்தான் முதல் அத்தியாயத்திலிருந்து கூடவே வருகிறீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சட்டென்று சொல்லுங்கள், தெரியுமா, தெரியாதா?