குளிர்சாமி போட்ட கோடு

வடதுருவத்தின் எல்லை முடிவானது குற்றாலத்தில், என் லாட்ஜ் மாடியில்தான். எந்த நாட்டு வடதுருவம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நன்றிக்கடனாக என்னைக் குடிமகனாக்கிவிடுவார்கள். எனக்குக் குளிர் ஆகாது.

தென்காசி அல்தாப் அந்த நாட்டின் வடக்கே ஒரு துறைமுகத்தில் வெல்டர். துருவப் பகுதி இதுவரை என்று அந்த அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குள் வேலை பார்ப்பவனுக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு, ஊருக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டித் தருவார்கள். வெளியே இருப்பவனுக்கு ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில். அல்தாப்பின் துறைமுகம் கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே கிடந்தது. அதனால் அவன் மனைவி மாஜிதா தென்காசியில் கிடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனை நேரில் பார்த்ததைவிடப் போனில் பார்த்ததே அதிகம். இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன் எவ்வளவோ செய்கிறது, அதை மட்டும் செய்யவில்லை.

இந்நிலையில் கோட்டைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. திருத்துகிற அதிகாரிக்குத் தீராத முதுகுவலி என்றும் செய்தி வந்தது. அல்தாப் விடுவானா? எண்ணெய்த் தேய்ப்பு, அருவிக் குளியல் என்று ஆசை காட்டி, நல்ல சாரல் நேரத்தில் ஆளைக் கொண்டுவந்து என் லாட்ஜில் இறக்கிவிட்டான். அவர் பேர் என் வாயில் நுழையவில்லை. குளிர்சாமி என்று வைத்துக்கொண்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

குளிர்சாமி ஊரில் சட்டையைத் துவைத்து வெளியே போட்டால் விறைத்துப்போய்த் தானாக நிற்குமாம். அதை ஆள் என்று நினைத்து வழி கேட்டவர்கள் உண்டாம். அப்பேர்ப்பட்டவர் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தபோது பல் தந்தியடித்தது. கம்பளியைப் போர்த்தி, சுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்தோம். தெம்பு வந்ததும் வரைபடத்தைக் கட்டிலில் விரித்தார். அல்தாப் இரண்டு பக்கப் பேச்சையும் மொழி மாற்றிச் சொன்னான்.

கோடையிலும் பத்து டிகிரிக்கு மேல் போகாத இடம்தான் துருவமாம். அல்தாப்பின் துறைமுகத்தில் பத்தரை. அரை டிகிரியில் குடித்தனம் போயிருந்தது.

நம்மாலான உதவியைச் செய்வோம் என்று, தேங்காய் எண்ணெயை வாசலில் வைத்து, உறைந்தால் துருவம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தக் கணக்கில் மார்கழியில் தென்காசியும் துருவமாகிவிடாதா என்று அவர் கேட்டார். ஆகட்டும், எங்களுக்கும் வீடு கட்டிக் கொடுங்கள் என்றேன். அல்தாப் அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

பிறகு தென்காசி தனி மாவட்டமானதைச் சொன்னேன். கலெக்டரைப் பார்க்க முன்பு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். கோடு போட்டார்கள், கலெக்டர் ஆபீஸ் பின்னாலேயே வந்துவிட்டது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. குளிர்சாமி தலையாட்டினார். ஆனால் இரக்கப்பட்டுக் கோட்டை வளைக்க முடியாது, மேலிடத்தில் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்றார். அல்தாப் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

தென்காசியிலிருந்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்து, அதுவரை பாத்திரத்தோடு சும்மா உட்கார்ந்திருந்த மாஜிதா வாயைத் திறந்தாள்.

"மச்சான், நீங்க வேல பாக்குற ஊர்ல ஒருத்திக்குப் பிள்ள வலி வந்தா எங்க போவான்னு கேளுங்க."

"இப்ப இது எதுக்குட்டி?"

"கேளுங்க. போனா நாந்தான போவணும்."

கேட்டான். ஹெலிகாப்டரில் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோவார்களாம். பனிப்புயல் அடித்தால் ஹெலிகாப்டர் கிடையாது.

"அப்ப என்ன செய்வாவளாம்?"

காற்று அடங்கும் வரை காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, குளிர்சாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

மாஜிதா எழுந்து வந்து வரைபடத்தில் கோட்டுக்கு மேலே விரலை வைத்தாள். "இங்கன உள்ளவளுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு." விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். "இங்கன உள்ளவ காத்து அடங்கட்டும்னு கெடக்கா. ரெண்டு பேர்ல துருவத்துல இருக்கது யாருன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

அல்தாப் இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடவில்லை. விரலை எங்கெங்கே வைத்தாள் என்பதையும் வைத்துக் காட்டினான்.

குளிர்சாமி பென்சில் கேட்டார். புயல் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியாத ஊரும் துருவம்தான் என்று வரைபட ஓரத்தில் எழுதினார். காரணம் கிடைத்துவிட்டது.

மேலிடம் ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி திறந்தபிறகுதான் விமானம் ஏறுவேன் என்று மாஜிதா சொல்லிவிட்டாள், திறந்ததும் ஏறினாள். அந்த நாட்டு வரைபடத்தில் துருவக் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் நிறைமாத வயிறு போலத் தெற்கே புடைத்திருக்கும். அந்த நாட்டுப் பேராசிரியர்கள் கடல் நீரோட்டம்தான் காரணம் என்று பாடம் நடத்துகிறார்கள். நடத்தட்டும்.

போன தை மாதம் அல்தாப் போன் செய்தான். பொம்பளப் பிள்ளையாம். அன்றைக்கு எதிரே நிற்பவர் தெரியாத பனிப்புயலாம். இரண்டு தெருதானே என்று மாஜிதாவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப் போய்விட்டானாம்.