போதும் என்கிற பொய்

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் 'போதும்' என்பது பொய். கரண்டி பானையின் அடியைத் தட்டியதும் அம்மா போதும் என்பாள். அடுத்து அக்கா. மிச்சம் என் தட்டுக்கு வரும். இருவரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள்.

அக்கா இப்போது தையல் கம்பெனியில் சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா போடுகிறாள். அரிசி டின் குறைவதே இல்லை. ஆனாலும் தட்டு வைத்து உட்கார மாட்டாள். எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டிகளை வழித்துத் தின்பாள். பசி இருக்கிறதோ இல்லையோ, சட்டி காலியாக வேண்டும். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அப்படித்தான்.

அவள் மகளுக்கு ஐந்து வயது. குருவி என்று கூப்பிடுவோம்.

ஒரு நாள் மதியம் அக்கா அவளுக்குச் சோறு ஊட்டும்போது நானும் அங்கே இருந்தேன்.

"போதும்மா."

"பொய் சொல்லாத. ஆ காட்டு."

"அது வயிறா கோணியா? இப்படி அமுக்கறியே," என்றார் மாமா.

"பசியோட எந்திரிச்சவளுக்குத்தாங்க தெரியும். நீங்க சும்மா இருங்க."

இன்னும் இரண்டு வாய் உள்ளே போயிற்று. குருவி அவ்வளவையும் பாயில் வாந்தி எடுத்தாள்.

இரவு அக்கா தட்டை எடுத்ததுமே குருவி கதவோரம் ஒதுங்கினாள்.

"நான் சாப்ட்டேன்மா. சித்தி ஊட்டிட்டாங்க."

நான் ஊட்டவில்லை. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நான் விழிக்க, அந்த நேரம் பார்த்துக் குருவியின் வயிறு உறுமியது. மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த வயிற்றோடு 'பசியில்லை' என்று சொல்லும் அந்த முகத்தை அவளுக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

"நான் பட்டது பத்தாதாடி? இவளுக்கும் கத்துக் குடுத்துட்டேனே," என்றாள் என்னிடம்.

பிறகு பானையை நடுவில் வைத்துக் கரண்டியைக் குருவியின் கையில் கொடுத்தாள்.

"நீயே போட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல."

குருவி கொஞ்சம் போட்டாள். அம்மாவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். அக்கா கையை மடிக்குள் இறுக்கி வைத்திருந்தாள். கடைசியில் நாலு வாய்ச் சோறு தட்டில் மிஞ்ச, குருவி எழுந்து வாசலுக்கு விளையாடப் போய்விட்டாள்.

அக்காவின் கை தட்டை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்று, பக்கத்திலிருந்த மூடியை எடுத்துத் தட்டின்மேல் வைத்தது.

"பசிச்சா அவளே வருவாதானே?"

"வருவாக்கா."

"பசிக்குதுன்னு சொல்லுவாதானே?"


நான் தலையாட்டினேன். அவள் கண் வாசலிலேயே இருந்தது.