தோணிக்காரர்கள் ஓட்டிய விமானம்

என் வீட்டுக்காரர் அம்புரோஸ் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். எழுபத்தி மூன்றில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கு வந்தவர் எனக்குச் சேலை வாங்கி வரவில்லை, விமானம் வாங்கி வந்தார்.

சிங்கப்பூரில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் கழித்துப் போட்டது. மரப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் முன்னால் ஒரு கண்ணாடி. மலை வரைந்த துணி அதில் நம்மைப் பார்த்து ஓடி வரும், இருக்கை கடகடவென்று ஆடும். கைப்பிடியைத் திருப்பித் தப்பிக்க வேண்டும். நாலணாவுக்கு, மலையில் முட்டும்வரை பறக்கலாம். முட்டினால் டணார் என்று மணியடித்து நின்றுவிடும்.

மாதா கோயில் திருவிழாவுக்கு வீட்டு முன்னறையில் கடை போட்டோம். அது கரண்டைக் குடித்த குடி இருக்கிறதே! பெட்டி ஓடினால் பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து மங்கியது.

“திருவிழா முடிஞ்சு கொடியிறக்கத்துக்குள்ள கரண்டு பில்லுக்காவது இது சம்பாதிக்கணும். இல்லேன்னா நான் திரும்பக் கப்பலேறிருவேன்” என்றார்.

ஏறினால் வர இரண்டு வருஷம். எனக்கு அந்த மனுஷனை அனுப்ப மனசே இல்லை. கல்லாவில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் நாள் தோணிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். தோணியில் சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் தோணி வலப்பக்கம் திரும்பும். கை அதற்கே பழகியது. விமானத்தையும் அப்படியே தள்ளி, தப்பிக்க வேண்டிய மலையில் தேடிப்போய் முட்டினார்கள். டணார், டணார்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கல்லாவும் நிறைந்தது.

அம்புரோசுக்கு இளகின மனசு. மறுநாள் பெட்டிக்கடியில் கம்பியை மாற்றிப் பூட்டி, கைப்பிடியைச் சுக்கான் மாதிரியே ஆக்கிவிட்டார். தோணிக்குத் தலைவரான தண்டல் ரோச் அண்ணாச்சி ஏறினார். ஒரே நாலணாவில் பறந்தார், பறந்தார், மத்தியானம் வரைக்கும் இறங்கவே இல்லை. “ஏலே, கொழும்பு தெரியுதுலே!” என்று கூச்சல் வேறு. வாசலில் மீட்டர் பம்பரமாகச் சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக அவர் இறங்கிச் சாப்பிடப் போனார், அம்புரோசும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு கம்பிதானே? நான் குனிந்து பழையபடி மாற்றிவிட்டேன்.

அம்புரோஸ் சாப்பிட்டு எழுவதற்குள் அண்ணாச்சி அவசரமாகச் சாப்பிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஏறினார். முதல் மலையிலேயே டணார். திகைத்துப்போய் இறங்கி, பெட்டிக்கடியில் எட்டிப் பார்த்தார்.

“ஏளா விக்டோரியா, நீயா மாத்துன?” என்றார் மெதுவாக.

எனக்குப் பொய் வரவில்லை. “பில்லுக்குத் தேறலன்னா இவரு கப்பலுக்குப் போயிருவாரு அண்ணாச்சி.”

அவர் என்னையே கொஞ்சம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார்: “ஏலே, இந்த மலை எனக்கே வசப்பட மாட்டேங்கு! தெம்பிருந்தா எவனாவது தாண்டுங்கலே, பார்ப்போம்!”

கேட்க வேண்டுமா? கூட்டம் கதவைப் பெயர்க்காத குறை. அண்ணாச்சியே இன்னொரு நாலணா போட்டு, சிரித்துக்கொண்டே நேராக மலைக்கு விட்டார்.

சத்தம் கேட்டு அம்புரோஸ் கை கழுவாமல் ஓடி வந்தார். “நான்தான கம்பிய மாத்துனேன்?” என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அடிப்பலகையை மூடி, திருகாணியை இறுக முடுக்கினார்.

“கோளாறு ஒண்ணுமில்ல” என்றார். “அடுத்த ஆளு ஏறுங்க.”