நீலம் கூடிய சட்டை

வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரிய நீலம் போட வேண்டும் என்பதே லிஃப்ட்காரருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். மனைவி இருந்தவரை அதெல்லாம் அவள் பாடு. அரை வாளித் தண்ணீருக்கு மூன்று சொட்டு, அவ்வளவுதான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு முதன்முதலாகத் துவைக்க உட்கார்ந்தவர், சொட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று மூன்று மூடி ஊற்றினார். சீருடைச் சட்டை இரண்டுமே திட்டுத்திட்டாக நீலம் பாரித்துவிட்டன.

மானம் கப்பலேறப் போகிறது என்று பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனார். லிஃப்டுக்குள் அவர் முதுகுக்கு ஒரு சாண் தள்ளித்தான் எல்லோரும் நிற்பார்கள். அன்றும் நின்றார்கள். மாடி எண்ணைப் பார்த்தார்கள், செல்போனைப் பார்த்தார்கள், இறங்கிப் போனார்கள். மேலாளர்கூட "ஏழு" என்றதோடு சரி.

தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?

அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒரு மூடி கூட்டி ஊற்றினார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. வயசான மனுஷன் செய்கிற காரியமா இது என்றால், இல்லைதான். ஆனால் கேலி பண்ணுவதற்காகவாவது யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. சட்டை ஆகாய நிறத்துக்கு வந்துவிட்டது. லிஃப்ட் ஏறியது, இறங்கியது. வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

பாட்டில் தீர்ந்தது. வேலை முடிந்து, அந்தச் சட்டையோடேயே தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொரு பாட்டில் கேட்டார். கடைக்குப் புதிதாக வந்திருந்த பெண் எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, சட்டைய இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க? மூணு சொட்டு போதுமே. வீட்ல அண்ணி ஒண்ணும் சொல்றதில்லையா?"

இத்தனை நாளாக இந்தக் கேள்விக்குத்தான் ஏங்கிக் கிடந்தார். அண்ணி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"சொல்லிக்கிட்டேதாம்மா இருக்கா," என்றார். "நான்தான் காதுல வாங்கறதில்ல."