தாரணிக்கு ஒரு அர்ச்சனை

எனக்குத் தையல் வராது. இதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. பள்ளிக்கூடச் சட்டைக்கு நான் பொத்தான் தைச்சனெண்டா, அதைப் போட்டுக்கொண்டு போற பிள்ளை முதல் மணி அடிக்க முதலே நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிக்கும். அதால அம்மா என்னட்ட இருந்து ஊசியைப் பறிச்சுப்போட்டு, "சுரேகா, நீ வாசி, நாங்கள் தைக்கிறம்" எண்டிட்டா. பூவரசங்குளத்தில எங்கட முன்னறையில இப்ப கனகாலமா நடக்கிறது இதுதான்.

தைக்கிறது மூண்டு பேர். மெசினில என்ர அம்மா பிரேமிளா. துணி வெட்டுறது சபூறா அன்ரி; வவுனியாவில இருந்து துணிக்கட்டு கொண்டுவாறதும் அவாதான். பொத்தானும் மடிப்பும் பக்கத்து வளவு சுப்பம்மா மாமி. மாமியின்ர ஆக்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்தவை. மாமியும் எங்களை மாதிரித்தான் கதைப்பா, ஆனா கோவம் வந்தா மட்டும் தாய்தேப்பன் பேசின பேச்சு திரும்பி வந்திடும்.

வாசிகசாலையில இருந்த பேய்க்கதையள், துப்பறியிற கதையள் எல்லாம் முடிச்சாச்சு. துப்பறியிற கதையெண்டா சபூறா அன்ரி தொடக்கத்திலயே கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்துப்போடுவா. மிச்சத்தை வாசிக்க எனக்குத்தான் வெக்கமா இருக்கும். பிறகுதான் அந்தப் புதுப் புத்தகம் வந்தது, இளம் பிள்ளையளுக்கெண்டு எழுதின நாவல். அதில வாற தாரணிக்கு ஒரு கால் பிளாஸ்ரிக்.

எனக்கும் ஒரு கால் பிளாஸ்ரிக். எப்பிடிப் போனதெண்டு எங்கட பக்கத்தில ஒருத்தரும் கேக்கமாட்டினம், அதை விடுவம். ஆனா அதுவரைக்கும் நான் வாசிச்ச கதையளில கால் இல்லாத ஆக்களுக்கு ரெண்டு வேலைதான்: ஒண்டில் சாவினம், இல்லாட்டி மற்றவைக்குப் புத்தி சொல்லுவினம். இந்தத் தாரணி அப்பிடியில்லை. பொய் சொல்லுவாள். சோதினையில கோட்டை விடுவாள். காலைக் கழட்டி எறிஞ்சு அயல்வீட்டு மாங்காய் விழுத்துவாள்! அதை வாசிக்கேக்க நான் சிரிச்ச சிரிப்பில கதிரையில இருந்து விழுந்து, என்ர காலும் கழண்டு போச்சு.

மற்றவைக்கும் புத்தகம் பிடிச்சுப்போச்சு. தாரணியின்ர சிநேகிதி பர்வின் மோட்டச்சைக்கிள் திருத்துறவள். சபூறா அன்ரி கத்திரிக்கோலைக் கீழ வைச்சா. "அல்லாவே! ஒரு கதையிலயாவது எங்கட பிள்ளை புரியாணி கொண்டு வாறதை விட்டு வேற வேலை செய்யுது" எண்டா. தாரணியின்ர பள்ளிக்கூட அதிபர் மலைநாட்டுப் பொம்பிளை. முழுப் புத்தகத்திலயும் ஒரு கொழுந்து கிள்ளேல்லை. சுப்பம்மா மாமி அவா வாற இடமெல்லாம் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேப்பா.

அம்மாவுக்குத் தாரணியெண்டா உயிர். பிடிக்காதது தாரணியின்ர தாயை. தாரணி வெளியூருக்குப் படிக்கப் போகோணுமெண்டு நிக்கிறாள், தாய் விடமாட்டனெண்டு நிக்கிறா. கடைசிக்கு முதல் அத்தியாயத்தில அந்த மனுசி என்ன செய்தவா தெரியுமோ? மகளின்ர காலை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிப்போட்டா!

அம்மா மெசினை நிப்பாட்டினா.

"இவளும் ஒரு தாயே? பிள்ளையின்ர காலை ஒளிச்சு வைக்கிறவள்! எனக்கு முன்னால வரட்டும், நல்லாக் குடுக்கிறன்."

நான் அம்மாவைப் பாத்தன். அம்மா என்னைப் பாக்கேல்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்!

ஏனெண்டா எனக்கு யாழ்ப்பாணத்தில நூலகப் படிப்புக்கு இடம் கிடைச்சிருந்தது. ஒரு வருசம் விடுதியில தங்கோணும், வாற திங்கக்கிழமை அங்க நிக்கோணும். புத்தகங்களுக்கு நடுவில இருக்கிறதுக்குச் சம்பளமும் தருவினமெண்டா எனக்கு வேற என்ன வேணும்? அம்மா ஏலாதெண்டு ஒரே சொல்லில முடிச்சுப்போட்டா. "ராவில காலைக் கழட்டி வைச்ச பிறகு தண்ணி விடாய்ச்சா ஆர் எடுத்துத் தாறது?" எண்டு கேட்டா. நான் எத்தினை நியாயம் சொல்லியும் அந்தத் தண்ணியிலயே வந்து நிண்டா.

எனக்கும் கோவம் வரும்தானே. புத்தகத்தை டப்பெண்டு மூடினன்.

"அம்மா என்னைப் போகச் சொன்னாத்தான் கடைசி அத்தியாயம்."

முன்னறை செத்தவீடு மாதிரிப் போச்சு.

"எடியே, இதென்ன அநியாயம்!" எண்டு சபூறா அன்ரி கத்தினா. "காலைப் பூட்டி வைச்ச இடத்திலயே நிப்பாட்டுவாய்?"

"வேணுமெண்டா எடுத்து வாசியுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் புத்தகத்துக்கு மேல குந்தினன். பிறகு கிணத்தடிக்குப் போகேக்கயும் அதைக் கையோட கொண்டு போனன். இந்த மூண்டு பேரையும் நம்பேலாது.

அடுத்த நாள் தொடக்கம் ரெண்டு பேரும் அம்மாவிலதான் பாய்ஞ்சினம்.

"பிரேமிளா, விடன் பிள்ளையை," எண்டா சபூறா அன்ரி. "எனக்கு முடிவு தெரியாமல் சோறு இறங்குதில்லை."

"சோறு இறங்காட்டிக் கஞ்சி குடியுங்கோ," எண்டா அம்மா.

அந்தக் கவலையில அன்ரி ஒரு காற்சட்டைக்கு ரெண்டு இடக்கால் வெட்டிப்போட்டா. அம்மா அதையும் குனிஞ்ச தலை நிமிராமல் தைச்சு முடிச்சா, பிறகுதான் ரெண்டு பேரும் தூக்கிப் பிடிச்சுப் பாத்து ஆளையாள் ஏசினவை.

வழி கண்டுபிடிச்சது சுப்பம்மா மாமி. பிரேமிளாவை அசைக்கேலாது, பிள்ளையாரை அசைச்சுப் பாப்பம். வெள்ளிக்கிழமை தாரணியின்ர பேரில ஒரு அர்ச்சனை!

"மாமி, அவள் கதையில வாறவள்," எண்டு நான் சொன்னன். "முடிவும் அச்சடிச்சாச்சு. பிள்ளையார் வந்து அழிச்சு எழுதுவாரோ?"

மாமிக்குக் கோவம் வந்திட்டுது. "ஆமா, எனக்குத் தெரியாதாக்கும்! கதையில வந்தாலும் புள்ள புள்ளதான். அது காலு அலுமாரியில கெடக்கு, நீ புத்தகத்து மேல குந்திக்கிட்டு இருக்க. சாமிகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்ல?"

அம்மா பகிடி பண்ணுவா எண்டுதான் நினைச்சன். பண்ணேல்லை. தோய்ஞ்சு, நல்ல சீலையா எடுத்து உடுத்து, அர்ச்சனைத் தட்டையும் அவாவே தூக்கினா. சபூறா அன்ரியும் வந்தா. "நான் கேற்றடியில நிக்கிறன். என்ர பங்குக்கு நான் துஆக் கேட்டாச்சு" எண்டு வெளியில நிண்டிட்டா.

ஐயர் தட்டை வாங்கினார். "பேர்?"

"தாரணி," எண்டா மாமி.

"நட்சத்திரம்?"

அங்கதான் மாட்டினம். மாமி என்னைப் பாத்தா. நான் பிள்ளையாரைப் பாத்தன். படட்டும்.

"மகம் எண்டு சொல்லுங்கோ ஐயா. மகத்தில பிறந்தவள் ஜெகத்தை ஆளுவாள்," எண்டா மாமி.

"ஆளுறவளோ? அத்தியாயத்துக்கு ஒருக்கா விழுந்து எழும்புறவள்!" கேற்றடியில இருந்து சபூறா அன்ரியின்ர குரல். "அதுக்கேத்த மாதிரிப் பாத்துச் சொல்லுங்கோ!"

"பிள்ளை பிறந்த திகதியாவது தெரியாதோ?" எண்டு ஐயர் கேட்டார்.

"புத்தகத்தில போடேல்லை ஐயா," எண்டா மாமி.

"புத்தகத்திலயோ?"

பிறகென்ன, மாமி முழுக்கதையும் சொல்லத் தொடங்கிட்டா. பின்னால நிண்ட சனமும் கிட்ட வந்து நிண்டு கேக்குது. அலுமாரி பூட்டின இடத்துக்கு வர ஐயர் தட்டோட அப்பிடியே நிண்டார். "தாய் திறந்தாவோ?" எண்டு கேட்டார்.

"அதைத்தான் ஐயா இவள் சொல்லுறாளில்லை!"

எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தினம். கொலைகாரியைப் பாக்கிற பார்வை.

அப்பத்தான் அம்மா வாயைத் திறந்தா. "ரேவதி."

"என்ன?" எண்டார் ஐயர்.

"ரேவதி நட்சத்திரம் ஐயா. நீங்கள் செய்யுங்கோ."

ரேவதி என்ர நட்சத்திரம்.

சபூறா அன்ரி கேற்றடியில இருந்து, "ஆ, அது பொருந்தும்!" எண்டு கத்தினா. ஐயர் ரேவதியையும் தாரணியையும் ஒண்டாச் சேர்த்து மந்திரம் சொல்லச் சொல்ல, அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டா. மூண்டு நாளா முடிவைச் சொல்லாமல் அம்மாவை வதைச்சனே எண்டு எனக்குப் பாவமாவும் இருந்தது, சந்தோசமாவும் இருந்தது. தாரணிக்கெண்டு ஐயர் குடுத்த திருநீறை அம்மா என்ர நெத்தியில நல்லா அழுத்திப் பூசினா. முடிவு தெரிஞ்சா தனக்கும் ஒருக்காச் சொல்லச் சொல்லி ஐயர் ரெண்டு வாழைப்பழம் கூடத் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரா அலுமாரியடிக்குப் போனா. நாங்கள் மூண்டு பேரும் மூச்சுவிடாமல் பாத்துக்கொண்டு நிண்டம். சீலையளுக்குக் கீழ கையை விட்டு, ஆருக்கும் குடுக்காமல் பொத்திப்பொத்தி வைச்சிருந்த சிவப்புச் சுடுதண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து என்ர மடியில வைச்சா.

"படுக்க முதல் இதுக்குள்ள தண்ணியை நிரப்பித் தலைமாட்டில வை. ராவில எழும்பி நொண்டிக்கொண்டு திரியாதை."

சபூறா அன்ரி கூவின கூவலில கோழியெல்லாம் சிதறி ஓடிச்சுது. சுப்பம்மா மாமி பிள்ளையார் இருக்கிற திசையைப் பாத்துக் கும்பிட்டா. நான் போத்தலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதன், சிரிச்சன், என்ன செய்தனெண்டு எனக்கே விளங்கேல்லை.

அம்மா மெசினடிக்குப் போய்க் குந்தி, மூக்கைச் சீலைத் தலைப்பால துடைச்சா.

"பல்லைக் காட்டினது போதும், புத்தகத்தை எடு," எண்டா. "கடைசி அத்தியாயத்தை வாசிக்காமல் பஸ் ஏறினியெண்டா மற்றக் காலையும் முறிச்சுப்போடுவன்."