அப்பாவின் விரலில் ஒரு கரும்புள்ளி

"மெதுவாப் பிடிடி, அவருக்குக் கூச்சம்" என்றாள் அம்மா, செத்துக் கிடந்தவரைப் பற்றி. மகள் ஈரத்துணியால் அப்பாவின் இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்பது வருஷம் துணி தைத்த கை. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில், தோலுக்கடியில், நொய் மாதிரி ஏதோ நெருடியது.

"என்னம்மா இது?"

"அதுவா? தையல் மெஷின் ஊசி. நீ பொறக்கறதுக்கு முன்னாடி விரல்ல ஏறி முறிஞ்சுது. நுனி உள்ளயே தங்கிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என் விரல் வேணாம்னுடுவா, அப்புறம் சனிக்கிழமை அவகூடப் போக முடியாதுன்னாரு."

மகள் ஆய்வகத்தில் விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுப்பவள். மூட்டுவாதத்தை முளையிலேயே பிடிக்கத்தான் இத்தனை பாடும். எக்ஸ்ரே மாதிரி நேரே போகாது இந்த ஒளி. சதைக்குள் கண்டபடி சிதறும். வெளியே கசிவதை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப்போட வேண்டும். கணக்கு தடுமாறினால் ஸ்மூத்திங்கைக் கூட்டிப் படத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் அப்பாவின் விரல்தான் சோதனைக்கு. எட்டு மாதமாக அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி. தன் கணக்கில்தான் கோளாறு என்று அது மறையும்வரை தேய்த்தாள். கூடவே நோயாளிகளின் ஆரம்ப வீக்கமும் மறைந்து தொலைந்தது. இது உதவாது, மூட்டை கட்டிவிடலாம் என்று நேற்றுத்தான் மேலதிகாரிக்கு எழுதியிருந்தாள்.

அடக் கடவுளே! கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதை நம்பாத மடச்சி அவள்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா!" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஆய்வகத்தில் இருந்த தன் உதவியாளன் சோடாபுட்டிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னிக்காவது வேலையை விடுங்க."

"ஸ்மூத்திங்கைக் குறைச்சு எல்லாத்தையும் திரும்ப ஓட்டுடா. அப்பா விரல்ல இருந்த புள்ளி நிஜம்டா."

ஒரு மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அக்கா, பதினோரு பேர்ல ஒன்பது பேருக்கு வீக்கம் பளிச்சுனு தெரியுது! அந்த லெட்டரை முதல்ல வாபஸ் வாங்குங்க." அப்பாவின் படத்தையும் அனுப்பியிருந்தான். புள்ளியைச் சுற்றிச் சிவப்பாக ரத்த ஓட்டம்.

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள்.

"இது உசுரோட இருந்தப்பவா?"

"ஆமாம்மா. போன சனிக்கிழமை."

வண்டி வந்துவிட்டதென்று வாசலில் யாரோ சொன்னார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. திரை மங்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு வெளிச்சத்தை வரவழைத்துக்கொண்டிருந்தாள்.