நாலுன்னு காட்டுது

டங், டங் என்று சமையலறை மேடையில் எதையோ போட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் அம்மா கிடத்தப்பட்டிருக்கிறாள், அவளைச் சுற்றி இரவல் நாற்காலிகளில் ஆட்கள் வாய் பொத்தி உட்கார்ந்திருக்கிறார்கள், சாவு வீட்டில் இப்படியா அடிப்பார்கள் என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். தம்பி மனைவி ஒரு பால் பாக்கெட்டை மேடை விளிம்பில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்தவங்களுக்கு டீ போடலாம்னு பாத்தா பால் கல்லாட்டம் கெடக்கு அண்ணி.”

“ஃப்ரீசர்லயா வச்ச?”

“இல்லையே, கீழ்த் தட்டுலதான். ஒரு மாசமா இப்படித்தான். வெளிய எடுத்து வச்சா எளகிடும், அப்படியே ஓட்டிட்டிருக்கேன்.”

பெரியவள் பதினெட்டு வருஷமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவள். முந்தாநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்ததும் வேலை செய்த வீட்டிலிருந்துதான். கருவிப் பை இன்னும் வாசலில் செருப்புகளோடு கிடந்தது. அவள் ஃப்ரிட்ஜின் கதவைப் பார்த்தாள். உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் எண் பச்சையாக எரிந்தது. நாலு. நாலு டிகிரியில் பால் உறையாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கூடத்தில் சித்தி புதிதாக வந்தவர்களுக்கு ஆரம்பித்திருந்தாள். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

“எங்கக்காவுக்கு வாயக் கட்டத் தெரியல. தெனம் ரெண்டு வேளை ஊசி, அப்படியும் சக்கரை ஐநூறுன்னா என்ன அர்த்தம்? டப்பால ஒளிச்சு வச்சுத் தின்னா எந்த மருந்து கேக்கும்? டாக்டரே சொல்லிட்டாரு, சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லன்னு.”

அம்மா தையல்காரி. ரவிக்கை தைத்து மிஞ்சும் கையளவு துணியைக்கூடச் சுருட்டி, தைத்ததோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தவள். அப்படிப்பட்டவளைக் கட்டையாகக் கிடத்தி வைத்துவிட்டு, தலைமாட்டிலேயே உட்கார்ந்து திருடிப் பட்டம் கட்டுகிறார்கள். கேட்கிறவர்களும் உச்சுக் கொட்டித் தலையை ஆட்டுகிறார்கள். ஒருத்தருக்காவது வாய் கூச வேண்டாமா?

“எந்த டப்பாவச் சொல்றாங்க?” என்று தம்பி மனைவியைக் கேட்டாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “காய்கறிப் பெட்டிக்குப் பின்னால இருக்கும். அத்தை யாரையும் தொட விடமாட்டாங்க. நானா யாருகிட்டயும் போய்ச் சொல்லல அண்ணி. அவரு சித்திகிட்டப் பொலம்பிருக்காரு.”

பெரியவள் மண்டியிட்டுக் கையை விட்டு அதை எடுத்தாள். மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் டப்பா. திறந்தாள். உள்ளே பேரனின் கம்பளித் தொப்பி. தொப்பிக்குள் பழைய பனியன் துணி. துணிக்குள் இன்சுலின் பாட்டில்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்துக்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள், உடைந்த பனிக்கட்டி. மருந்துக் கடைகளின் ஃப்ரிட்ஜ்களை எத்தனையோ தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறாள். உறைந்த இன்சுலின் உருகினாலும் அதை நம்ப முடியாது, அப்படியே தூக்கிப் போட வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அம்மா மிட்டாயை ஒளிக்கவில்லை. மருந்துக்குக் குளிருமே என்று தொப்பி மாட்டி வைத்திருக்கிறாள்.

வாசலுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஃப்ரிட்ஜின் உள்ளே பின்பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கியபோது தம்பி ஓடி வந்தான்.

“அக்கா, உனக்கென்ன பைத்தியமா? வண்டி வர்ற நேரம். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். நீ ஒரு டம்ளர்ல ஐஸும் தண்ணியும் கொண்டா.”

அவன் முனகிக்கொண்டே கொண்டு வந்தான். அவள் சென்சாரின் இணைப்பைக் கழற்றி வெளியே இழுத்தாள். இரண்டு கம்பிகளின் நுனியில் ஒரு வெள்ளை மொட்டு, பட்டாணி அளவுகூட இல்லை. உள்ளே இருக்கும் குளிரைப் பார்த்து மேலிடத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது சொல்வதைக் கேட்டுத்தான் கம்ப்ரசர் ஓடும், நிற்கும்; கதவில் எண் எரியும். அதை ஐஸ் தண்ணீருக்குள் விரலாலேயே அழுத்திப் பிடித்துக் கலக்கியபடி, கம்பிகளில் மீட்டரை வைத்தாள்.

“ஐஸும் தண்ணியும் கலந்திருந்தா அது ஜீரோ டிகிரி. அதுல மாத்தமில்ல. ஜீரோவுல இந்த மாதிரிச் சென்சாருக்கு மீட்டர் முப்பத்திரண்டு கிலோ ஓம் கிட்டக் காட்டணும், சூடு ஏற ஏற அந்த நம்பர் கொறையும். மீட்டரைப் படி.”

“இருபது.”

“இருபதுன்னா அதோட கணக்குல பத்து டிகிரி. உள்ள ஈரம் எறங்கிருக்கு. எப்பவும் பத்து டிகிரி கூட்டிச் சொல்லுது. அப்ப கதவுல நாலுன்னு எரிஞ்சா உள்ள எவ்வளவு?”

தம்பி மனசுக்குள் கணக்குப் போட்டான். போட்டு முடித்ததும் அவன் முகம் மாறியது. “மைனஸ் ஆறு.”

“இன்னும் நல்லாக் குளிரலைன்னு இது கத்திட்டே இருந்திருக்கு, கம்ப்ரசர் ஓடிட்டே இருந்திருக்கு. அம்மா ஒரு மாசமா வெறும் தண்ணியக் குத்திக்கிட்டிருந்தாடா. நீங்க அவ மிட்டாய் தின்னான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க.”

சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்று மறுபடி ஐஸ் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. மீட்டர் அதே இருபதைக் காட்டியது.

“மிட்டாய் இருக்கான்னு நான் தலகாணிக்கு அடியிலெல்லாம் தேடினேன்க்கா,” என்றான் தம்பி. “அம்மா ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க.”

“மருந்து உறையுதுன்னு அவ சொன்னாளா, சொல்லலையா?”

“சொன்னாங்க.”

“அப்பறம் ஏண்டா காதுல வாங்கல?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குத்திக்காட்டும் எண்ணம் அவன் முகத்தில் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

“நீதானேக்கா சொன்ன? நாலுன்னா சரியாத்தான் இருக்குன்னு. அக்காவே சொல்லிட்டா, அவளுக்குத் தெரியாததான்னுதான்…”

சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். ஒரு கடையில் ஏணி மேல் நின்று ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பாப்பா, இந்தப் பெட்டி சரியில்லடி, மருந்தக் கையில எடுத்தா முள்ளாட்டம் குத்துது என்றாள் அம்மா. கதவுல என்ன நம்பர்மா எரியுது? நாலு. அப்ப கரெக்டாத்தான் இருக்கு, வயசானா குளுரு கொஞ்சம் அதிகமாத்தாம்மா தெரியும், வைக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முன்பின் தெரியாத வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், நம்பரை நம்பாதீங்க, ஒரு டம்ளர் தண்ணி உள்ள வச்சு உறையுதான்னு பாருங்க என்று சொல்லியிருப்பாள். பெற்றவளுக்குச் சொல்லவில்லை.

சித்தியின் குரல் கூடத்தில் ஏழாவது தடவையாகத் தொடங்கியது. பெரியவள் சென்சாரும் பாட்டிலுமாகப் போய் நடுக்கூடத்தில் நின்றாள்.

“சித்தி, போதும். அம்மா எதையும் ஒளிச்சுத் திங்கல. ஃப்ரிட்ஜ் கெட்டுப் போச்சு, மருந்து உறைஞ்சு வீணாப் போச்சு. அந்த டப்பால இருந்தது இந்த மருந்துதான்.”

சித்தி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஐயையோ, பாவி நான்! பச்சப் பொய்ய இல்ல சொல்லிட்டிருந்தேன். அவளாவது வாயத் தொறந்து சொல்லிருக்கக் கூடாதா?”

“சொன்னா. என்கிட்டதான் சொன்னா. ஃப்ரிட்ஜ் நல்லா இருக்குன்னு நான்தான் சொன்னேன்.”

சித்தி இறங்கிய குரலில், “விடும்மா. எங்கியோ இருந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“அவ சொன்னா சித்தி! அதுக்கு மேல எனக்கு எப்படித் தெரியணும்?”

கத்திவிட்டாள். கத்தியதற்காக வெட்கப்படவும் இல்லை. திட்டாமல் தேற்றுகிறார்களே என்றுதான் ஆத்திரமாக வந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, தூக்க நாலு பேர் வேண்டும் என்றார். தம்பி கால்மாட்டுக்குப் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் எழுந்து வந்தார்கள். பெரியவள் தலைமாட்டில் குனிந்து, தூக்குவதற்கு முன் அம்மாவின் நெற்றியில் கையை வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் தண்ணீரில் மரத்த விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பியிருக்கவில்லை. கையை எடுத்துச் சேலையில் அழுந்தத் துடைத்தாள், வாயருகே கொண்டுபோய் ஊதினாள், மறுபடி வைத்தாள்.

“தூக்கலாமாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“கொஞ்சம் இருங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.